மலைநாட்டில் பழைய ஹைபிரிட் கார்: மின்கோளாறை எங்கிருந்து தேடுவது?

வேலை மாறி ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ புதிதாக வந்தவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார், அதாவது ஒரு பழைய டொயோட்டா பிரியஸ் அல்லது அக்வா. இலங்கை 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025இல்தான் மறுபடி திறந்தது என்பதால், பத்து வயது தாண்டிய ஹைபிரிட் இங்கே சர்வசாதாரணம். ஒருநாள் டேஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் எரியும். கராஜுக்குப் போனால், "ஹைபிரிட் பெட்டரி போயிருச்சு சேர்" என்று மெக்கானிக் பாஸ் உடனே சொல்லிவிடுவார். போயிருக்கலாம். ஆனால் அதைவிட மலிவான நாலைந்து காரணங்களைத் தள்ளிவிட்டுத்தான் அந்த முடிவுக்கு வரவேண்டும்.

முதல் சந்தேகம் எப்போதும் சின்ன 12 வோல்ட் பெட்டரி மேல். பிரியஸில் அது டிக்கியின் வலப்பக்கம், அக்வாவில் பின் சீட்டுக்கு அடியில். அது சோர்ந்தால் விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரியும், பிரேக் எச்சரிக்கை வரும், ரிலே டிக் டிக் என்று அடிக்கும், கார் ஓடத் தயாரான 'ரெடி' நிலைக்கு வராது. பார்ப்பவருக்குப் பெரிய கோளாறு போலவே தெரியும். இரவு முழுக்க நின்ற காரில் மல்டிமீட்டரை வையுங்கள். 12.5 வோல்ட்டுக்கு மேல் நல்லது. 12க்குக் கீழே போனால் மாற்றும் காலம் வந்துவிட்டது. பிறகு ரெடி போட்டுப் பாருங்கள். ஹைபிரிட்டில் ஆல்டர்னேட்டர் இல்லை, பெரிய ஹைபிரிட் பெட்டரியின் வோல்ட்டைக் குறைத்துத் தரும் டிசி கன்வெர்ட்டர்தான் இதைச் சார்ஜ் செய்கிறது. 13.5 முதல் 14.5 வரை காட்டவேண்டும். ரெடியிலும் 12 சொச்சத்திலேயே நின்றால் பெட்டரியை விட்டுவிட்டு கன்வெர்ட்டரையும் அதன் பெரிய பியூஸையும் தேடுங்கள். ஜம்ப் வயரை பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்ததால் அந்தப் பியூஸ் எரிந்த கார்கள் உண்டு. புதிது வாங்கும்போது, வாயுக் குழாய் பொருத்தும், தண்ணீர் ஊற்றாத மூடிய ஏஜிஎம் (AGM) வகை என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீர் ஊற்றும் சாதாரண பெட்டரி மலிவுதான். ஆனால் அதன் வாயு காருக்குள் நீங்கள் உட்காரும் இடத்துக்கே வரும்.

அடுத்தது ஸ்கேன். டேஷ்போர்டுக்குக் கீழே செருகி காரின் கோளாறுப் பதிவைப் படிக்கும் புளூடூத் ஓபிடி (OBD) அடாப்டரும் போனில் டாக்டர் பிரியஸ் செயலியும் இருந்தால் பாதி வேலை முடியும். கராஜில் ஸ்கேன் செய்தால், கோளாறுக் குறியீட்டை (கோட்) அழிக்கும் முன் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அழித்தால் கோளாறு வந்த நேரத்து வேகம், வெப்பம், வோல்ட் பதிவும் சேர்ந்து போய்விடும்.

பி0ஏ80 (P0A80) என்ற கோட் வந்தால் ஹைபிரிட் பெட்டரியின் பிளாக்குகளுக்குள் வித்தியாசம் கூடிவிட்டது என்று அர்த்தம். பிரியஸில் 28 மொடியூல் (சிறு பெட்டரிக் கட்டு), இரண்டிரண்டாக 14 பிளாக், மொத்தம் 201.6 வோல்ட். அக்வாவில் 20 மொடியூல், 144 வோல்ட். இதைப் பரிசோதிக்க நமக்கு வாய்த்தது போல வேறு எவருக்கும் வாய்க்காது: ஏ5 வீதியில் ரம்பொடை ஏற்றமும் ஏ7இல் கினிகத்தேனை ஏற்றமும் வாசலிலேயே இருக்கின்றன. பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துப் போனைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏறும்போது எல்லா பிளாக்கும் சேர்ந்து இறங்கவேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றை விட ஒரு வோல்ட்டுக்கு மேல் விழுந்து, இறங்கும்போது அதுவே முதலில் உச்சிக்குப் போனால் அந்த பிளாக் பலவீனம். நீண்ட இறக்கத்தில் பெட்டரி நிறைந்து எஞ்சின் இரைவது கோளாறு அல்ல. மேலும் சார்ஜ் ஏற்ற இடமில்லை, அவ்வளவுதான். அங்கே B (எஞ்சின் பிரேக்) கியர் போடுங்கள்.

அதற்கும் முன்னால் பின் சீட்டருகே உள்ள காற்றுத் துவாரத்தைப் பாருங்கள். அதற்குள் தூசும் கம்பளி நூலும் அடைத்தால் விசிறி காற்றிழுக்காது. நுவரெலியாக் குளிரில் இது வெளியே தெரியாமல் கிடந்து, கித்துல்கலைக்கு இறங்கும்போது வெப்ப எச்சரிக்கையாக வரும்.

மூடுபனி ஊரில் இன்னொன்று, மொடியூல்களை இணைக்கும் செம்புத் தகடுகளில் பச்சை பிடிப்பது. பெட்டரி நல்லதாக இருந்தும் அளவு தப்பாக வரும். சுத்தம் செய்து 5.4 நியூட்டன் மீட்டரில் இறுக்கினால் போதும். கூட்டினால் முனை உடையும். இதை வீட்டில் செய்யாதீர்கள். பெட்டரியின் உயர் வோல்ட்டைத் துண்டிக்கும் ஆரஞ்சு நிறச் சர்வீஸ் பிளக்கை எடுத்துப் பத்து நிமிடம் காத்திருந்து, 1000 வோல்ட் ரப்பர் கையுறையோடு தொடும் பாஸ்தான் இதற்கு ஆள். அந்தப் பிளக் எங்கே என்று கேட்டால் முழிப்பவரிடம் காரை விடவேண்டாம். ஒரு மொடியூலை மட்டும் மாற்றித் தரும் மலிவு வேலையும் எங்களுக்கு உடன்பாடில்லை: பழையவற்றோடு புதியது ஒத்துப்போகாமல் அடுத்தது விழும்.

மழை நாளில் மட்டும் வரும் பி0ஏஏ6 (P0AA6) மின்கசிவைக் குறிக்கும். அதன் உப எண்ணைக் கேளுங்கள்: 611 ஏசி, 612 பெட்டரி, 613 கியர்பெட்டி, 614 இன்வெர்ட்டர் (பெட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) பக்கம். 612 என்றால் டிக்கிக் கம்பளத்தைத் தூக்கி ஈரம் பாருங்கள். 611 என்றால், ஏசிக்கு அண்மையில் என்ன எண்ணெய் விட்டார்கள் என்று விசாரியுங்கள். இந்தக் கம்ப்ரசருக்குரியது என்டி 11. சாதாரண பிஏஜி எண்ணெய் கலந்தால் மின்காப்பு கெடும்.

ஏற்றத்தில் மட்டும் பலம் குறைந்து பி0ஏ93 (P0A93) வந்தால் இன்வெர்ட்டர் தண்ணீர்ப் பம்ப். எஞ்சின் ஆறியபின் ரெடி போட்டு, இன்வெர்ட்டர் கூலன்ட் தாங்கியின் மூடியைத் திறந்து பாருங்கள். நீர் சுழன்று அலைந்தால் பம்ப் ஓடுகிறது. குளம் போல் நின்றால் பம்ப், அதன் ரிலே, அல்லது கூலன்ட் மாற்றியபோது நின்றுபோன காற்று. லயத்தருகே நிறுத்தும் கார்களில் எலி கடித்த வயரையும் பொனட்டைத் திறந்து தேடுங்கள்.

வழியில் நின்றால் கயிறு கட்டி இழுக்கவிடாதீர்கள். முன்சக்கரம் சுழன்றால் மோட்டாரும் சுழன்று மின்சாரம் உண்டாக்கும். முன்சக்கரத்தைத் தூக்கி, இல்லையேல் பிளாட்பெட்டில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.