“எழுந்து நில்லுங்கள்” என்கிறது திரை

வடசென்னைத் தெருமுனையில் கேரம் ஆடுகிறவனை யாரும் எழுந்து நிற்கச் சொல்வதில்லை. எழுந்தால்தான் ஃபவுல். உடலை அசைத்து ஆடும் வீடியோ கேம்களோ எடுத்த எடுப்பிலேயே எழச் சொல்கின்றன. வியாசர்பாடியில் என் அத்தை மகன் வீல்சேரில் இருந்தபடி பவுலிங் கேம் ஒன்றைப் போட்டான். கேமரா முன் நிற்கச் சொல்லித் திரை விடாப்பிடியாக நின்றது. “நிக்க முடிஞ்சா கிரவுண்டுக்கே போயிருப்பேனே” என்றான்.

சரி, கால்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் போதுமா? உடலசைவைக் கேமராவால் கவனிக்கும் மைக்ரோசாஃப்டின் கருவி கினெக்ட். அதற்கு 2012-ல் வந்த உட்கார்ந்த நிலை வசதி அதைத்தான் செய்தது: 20 மூட்டுகளைக் கவனிப்பதற்குப் பதில் உடலின் மேற்பாதியில் 10 மட்டும். நல்லதுதான், ஆனால் குதித்தால்தான் அடுத்த கட்டம் என்றிருக்கும் கேமில் அது எதற்கு உதவும்?

கேம் செய்கிறவர்களின் பெரிய தவறு, ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து சோதித்துவிட்டு ஓகே சொல்வது. சோதிப்பவரின் பாதம் தரையில் ஊன்றியிருக்கிறது, இடுப்பும் முதுகும் தாங்குகின்றன. நெஞ்சு மட்டத்தில் தண்டுவடம் அடிபட்டவருக்கு அந்தப் பிடிமானம் இருக்காது. ஒரு கையை எட்டி நீட்டினால் மறுகை நாற்காலியைப் பிடித்தாக வேண்டும். இரண்டையும் தூக்கச் சொன்னால் சாய்ந்துவிடுவார். கையால் சக்கரம் தள்ளுகிறவர் நகர்ந்துகொண்டே கையசைக்கவும் முடியாது. தள்ளித் தள்ளி நொந்த தோளை நூறு முறை தலைக்கு மேல் வீசச் சொல்வது கொடுமை. ஆடுகிறவரின் கை எட்டும் தூரத்தையே முழு அளவாக, வலது இடது தனித்தனியாக, கேம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நாற்காலியைத் தொந்தரவாகப் பார்ப்பதும் தவறு. அதை உருட்டுவதையும் திருப்புவதையுமே ஆட்ட அசைவாக்கிய ‘கினெக்ட்வீல்ஸ்’ என்ற ஆய்வு முயற்சி உண்டு.

கேம் செய்கிறவர்களே, பட்டனில் ஆடவும் வழி வையுங்கள். உடல் ஊனமுள்ளவர்களுக்கான எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் 2018-லேயே வந்துவிட்டது, வெளி ஸ்விட்சுகளைச் செருக 19 துளைகளோடு. அசைவு மட்டும்தான் என்று கேம் அடம்பிடித்தால் அதுவும் வீண்.

அப்புறம் வீடு. முதல் கினெக்ட் ஒருவர் ஆடவே 6 அடி தூரம் கேட்டது. கட்டிலும் பீரோவும் போக எங்கள் பக்கத்து ஹாலில் வீல்சேர் திரும்பவே இடம் மிஞ்சாது. கையில் பிடிக்கும் ரிமோட் கேம் அங்கே தோது. கை வீசும் முன் பிரேக்கைப் போடுங்கள். மோட்டார் நாற்காலி என்றால் அணைத்துவிடுங்கள், முழங்கை ஜாய்ஸ்டிக்கில் பட்டால் வண்டி நேராக டிவியில் போய் நிற்கும்.