க்ளிங் ராப் ரோலில் தொலைந்த முனை

பல நாள் பாடாய்ப் படுத்திய க்ளிங் ராப் (உணவுப் பாத்திரங்களை மூடும் மெல்லிய, ஒட்டும் பிளாஸ்டிக் தாள்) ரோல் ஒருவழியாகச் சரியாகிவிட்டது. இழுத்தால் முழு அகலமும் வராது. இரண்டு விரல் அகலப் பட்டை மட்டும் சாய்வாகக் கிழிந்து வரும், மீதி ரோலோடு ஒட்டிக்கொள்ளும். நகத்தால் சுரண்டியதில் அடுத்த சுற்றும் கிழிந்தது. கத்தி வைக்கவே வேண்டாம். அடியில் பல சுற்றுகள் வெட்டுப்பட்டு, ஒவ்வொன்றும் புது முனையாகிவிடும்.

கைகொடுத்தது செல்லோடேப்தான். ரோலை அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தேன். குளிர்ந்தால் ஒட்டல் சற்றுக் குறைகிறது. பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து மெதுவாகச் சுற்றிப் பார்த்தால் மெல்லிய படி போல ஒரு கோடு தெரியும். பலரும் தவறவிடுவது இதைத்தான்: விட்டுப்போன முனை, பட்டை கிழிந்து வந்த பக்கத்தில் இருக்காது, மறு ஓரத்தில் ஒட்டிக் கிடக்கும். அங்கே டேப்பை அழுத்தி ஒட்டி, சுற்றைப் பிரிக்கும் திசையில் மெல்லத் தூக்கி, முழு அகலமும் சேர்ந்து வரும்வரை உரித்தேன்.

க்ளிங் ராப் வரும் பல பெட்டிகளின் இரு பக்கத்திலும் அரைவட்டமாகத் துளையிட்ட சிறு அட்டை இருக்கும். அதை உள்ளே அழுத்திவிட்டால் இழுக்கும்போது ரோல் வெளியே எகிறாது, ஷீட் கோணாமல் நேராகக் கிழியும். பாத்திர விளிம்பில் ஈரமோ எண்ணெயோ இருந்தால் ஒட்டாது. துடைத்துவிட்டு மூடினால் ஒரே துண்டு போதும்.