பழைய நாவலை மறுபதிப்பு செய்தபோது: புழு ஓட்டையும் யானைக்கொம்பு லையும்

யாங்கோனில் மழைக்காலத்தில் பழைய புத்தகத்தைத் திறக்கவே கூடாது. ஈரத்தில் தாள் ஒட்டிக்கொண்டு மடிப்பில் கிழியும். ஸ்கேன் வேலையை நவம்பருக்குப் பிறகு வைத்துக்கொண்டேன்.

முதல் தொல்லை புள்ளிகள். பின்பக்க எழுத்து தெரியாமலிருக்க ஒவ்வொரு தாளுக்கும் அடியில் கறுப்பு அட்டை வைத்தேன். புழு அரித்த ஓட்டைகளெல்லாம் கறுப்புப் புள்ளியாகி, 'ம' என்ற இடமெல்லாம் 'ம்' ஆனது. தாளின் நிறத்திலேயே பழுப்பு அட்டை வைத்ததும் சரியாயிற்று. பின்பக்க எழுத்து மங்கலாகத் தெரிந்தாலும் அதைக் கணினியில் நீக்கிவிடலாம். ஸ்கேன் 400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 400 புள்ளிகள்), சாம்பல் நிறம். நேரடிக் கறுப்பு-வெள்ளையில் எடுத்தால் மெய்ப்புள்ளிகளே காணாமல் போகும்.

அடுத்தது எழுத்துணரி, அதாவது படத்திலுள்ள எழுத்தைப் படித்து உரையாக்கும் மென்பொருள். தமிழ்நாட்டு அரசின் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, னா, ணை, னை, லை (தலைப்பில் சொன்ன யானைக்கொம்பு லை), ளை முதலான 13 எழுத்துகளின் பழைய வடிவங்களை அது அறியாது. வெறும் தேடி-மாற்று போதவில்லை. ஒரே எழுத்தை ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி படித்தது. பழைய அச்சு வரிகளின் படங்களை, கையால் தட்டிய சரியான பாடத்தோடு சேர்த்து டெசராக்ட் என்ற எழுத்துணரிக்குப் பயிற்சி கொடுத்த பிறகே வழிக்கு வந்தது. 'ர'வும் துணைக்காலும் இன்னும் குழம்புகின்றன. அதற்கு மெய்ப்பு ஒன்றே மருந்து: ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றவர் திரையில் பார்க்க வேண்டும்.

சந்தியால் சேர்ந்த நீண்ட சொற்களை இன்றைய வாசகருக்காகப் பிரிக்கலாம். ஆனால் ஆசிரியரின் சொல்லை மாற்றவே கூடாது.