முதலில் நெகட்டிவ்: காரின் மின்வேலையைத் தொடங்குமுன்

பன்னிரண்டு வோல்ட்தானே, தொட்டாலும் ஷாக் அடிக்காது என்ற தைரியத்தில்தான் பலர் கார் பேட்டரியின் அருகே ஸ்பேனரோடு குனிகிறார்கள். உலர்ந்த கையில் ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். ஆனால், ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நூறு, இருநூறு ஆம்பியர் என்று அள்ளித் தரும் அதே பேட்டரி, தன் இரு முனைகளுக்கும் குறுக்கே ஓர் இரும்புத் துண்டு விழுந்தால் அதைவிட அதிகமாகவே தரும். என்னிடமுள்ள பத்தாம் நம்பர் ஸ்பேனரின் ஓரத்தில் மிளகு அளவுக்கு இரும்பு உருகிப் பள்ளம் விழுந்திருக்கிறது. அதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அந்த இடத்தில் மோதிரமோ காப்போ இருந்திருந்தால் என்னவாகும் என்பதை எண்ணி, அவற்றையும் உலோகப்பட்டைக் கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

சாவியை எடுத்தபின் முதலில் கழற்ற வேண்டியது நெகட்டிவ் முனை. இன்றைய கார்களில் நெகட்டிவ் முனை பாடியோடு இணைக்கப்பட்டிருப்பதால், பாசிட்டிவ் நட்டைத் திருகும்போது ஸ்பேனரின் மறுமுனை பாடியில் எங்கே பட்டாலும் அது நேரடி ஷார்ட்தான். நெகட்டிவைக் கழற்றிவிட்டால் அந்தப் பாதையே அறுந்துபோகிறது. திரும்ப மாட்டும்போது, இதே காரணத்தால், பாசிட்டிவை முதலிலும் நெகட்டிவைக் கடைசியிலும் மாட்ட வேண்டும். கழற்றிய கேபிள் பழைய வளைவுக்கே திரும்பி வந்து முனையைத் தொடும் குணமுடையது. அதன் தலையில் காய்ந்த துணியைச் சுற்றி ஒதுக்கி வையுங்கள்.

சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறுகிறது. காற்றில் நான்கு சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கக்கூடிய வாயு அது. ஆகவே பொறி எழாதபடி சார்ஜரின் கிளிப்புகளை மாட்டிய பிறகே சுவிட்சைப் போட வேண்டும். அணைத்த பிறகே கிளிப்பைக் கழற்ற வேண்டும். உள்ளிருப்பது கந்தக அமிலம் என்பதால் கண்ணாடியும் கையுறையும் அவசியம். முனையில் பூத்திருக்கும் வெண்பொடியைச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவலாம்.

ஃபியூஸ் இருப்பது வயரைக் காப்பதற்காக. பிளேடு ஃபியூஸ்களில் 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. நீலம் எரிந்த இடத்தில் பச்சையைச் செருகினால், அடுத்த முறை எரிவது வயராக இருக்கும். ஹெட்லைட்டில் 60/55 வாட் பல்பை எடுத்துவிட்டு 100/90 போடுபவர்கள் பெரும்பாலும் இதை நினைப்பதில்லை: ஹை பீமில் இரண்டு பல்புகளும் சேர்ந்து பத்து ஆம்பியர் இழுத்த இடத்தில் ஏறத்தாழ பதினேழு ஆம்பியர் இழுக்கும். தடித்த வயரும், சுவிட்ச்சுக்குப் பதிலாகப் பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் தனி ரிலேயும் இல்லாவிட்டால் முதலில் இளகுவது சுவிட்ச்சும் ஹோல்டரும்தான்.

ஸ்டீயரிங்கின் கீழே தெரியும் மஞ்சள் கனெக்டர்கள் ஏர்பேக்குக்கு உரியவை. பேட்டரியைக் கழற்றிய பின்னும், மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் ஏர்பேக் கெப்பாசிட்டரில் அது சிறிது நேரம் தங்கியிருக்கும்; காரின் கையேடு சொல்லும் நிமிடங்கள் கழியும்வரை காத்திருங்கள். அந்த வயர்களில் மல்டிமீட்டரை வைத்து மின்தடையை (ஓம்) அளக்கவே கூடாது. ஹைபிரிட், மின்சாரக் கார்களின் ஆரஞ்சு நிறக் கேபிள்கள் உயர் வோல்ட்டேஜ் கொண்டவை. அவற்றில் பயிற்சி பெற்றவர் மட்டுமே கைவைக்க வேண்டும்.

வேலை முடிந்து கேபிள்களை மாட்டியதும் மீட்டரை எடுத்து முனைகளில் வையுங்கள். ஓய்ந்திருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும்; எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.4 வரை ஏறும். ஏறவில்லையென்றால் எஞ்சினை அணைத்துவிட்டு பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் வயரையும் பெல்ட்டையும் பாருங்கள். அதற்கும் நெகட்டிவைக் கழற்றிய பிறகே கையை உள்ளே விட வேண்டும்.