கறிவேப்பிலைப் புழுவும் இரண்டு ஹார்மோன்களும்

பினாங்கில் வீட்டு வாசலில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருந்தால் போதும், பூச்சிகளின் உருமாற்றத்தை அதிலேயே பார்த்துவிடலாம். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு முதலில் பறவை எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். நான்கு முறை தோலுரித்ததும் இலைப் பச்சையாகிவிடும். டியூஷன் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

"இளம்பருவ ஹார்மோன் புழுவைத் தோலுரிக்க வைக்கிறது" என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அது தவறு. தோலுரிக்கச் சொல்வது எக்டைசோன் என்ற இன்னொரு ஹார்மோன். உரித்தபின் என்னவாக வேண்டும் என்பதை இளம்பருவ ஹார்மோன் முடிவு செய்கிறது. அது நிறைய இருக்கும்போது எக்டைசோன் சுரந்தால் மறுபடியும் புழுதான். அது வற்றியபின் சுரந்தால் கூட்டுப்புழு. பச்சை நிறம்கூட இந்தக் கணக்கில்தான் வருகிறது. நம் பூச்சிக்கு நெருங்கிய உறவான இன்னொரு இனத்தின் நான்காம் பருவப் புழுக்களுக்கு இளம்பருவ ஹார்மோன் போன்ற பொருளைக் கொடுத்துப் பார்த்தார்கள் ஜப்பானிய ஆய்வாளர்கள். அடுத்த தோலிலும் பச்சை வரவில்லை, எச்சக் கோலமே நீடித்தது. 2008இல் வெளியான இந்த முடிவைச் சொன்னால் பிள்ளைகள் மறப்பதே இல்லை.

அடுத்து, ஏற்பியை, அதாவது ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தை, படத்தில் வரையும் இடம். இன்சுலினுக்கு வரைவது போல செல்லின் மேற்சவ்வில் வரைந்துவிடுகிறார்கள். எக்டைசோன் ஒரு ஸ்டீராய்டு. சவ்வைத் தாண்டி உள்ளே போகும். சுரப்பியிலிருந்து வந்தபின் 20-ஹைட்ராக்சிஎக்டைசோனாக மாறித்தான் முழு வேலையைத் தொடங்குகிறது. அதைப் பிடிக்கும் ஏற்பி உட்கருவில், அல்ட்ராஸ்பிராக்கிள் என்ற துணைப் புரதத்தோடு ஜோடியாக இருந்து மரபணுக்களை இயக்குகிறது. எக்டைசோன் உருவாகக் கொலஸ்டிரால் வேண்டும், பூச்சியால் அதைத் தானாக உண்டாக்க முடியாது. இந்த ஹார்மோனுக்கான மூலப்பொருளே அது தின்ற இலையிலிருந்து வருவதுதான். கறிவேப்பிலையைத் தின்கிறதே என்று புழுவைக் கோபிக்க எனக்கு மனமே வருவதில்லை.

கூட்டுப்புழு "தூங்குகிறது" என்றும் எழுத வேண்டாம். உள்ளே பழைய திசுக்கள் பல கரைந்து, சிறகும் காலும் உருவாகிக்கொண்டிருக்கும்.

டிங்கி விஷயத்திலும் இதே குழப்பம் உண்டு. கொசுவை ஒழிக்கத் தண்ணீரில் போடும் பைரிப்ராக்சிஃபென் மருந்து இளம்பருவ ஹார்மோனைப் போல நடிப்பது. தொட்டியில் போட்ட மறுநாளும் கொசுப்புழுக்கள் நெளிவதைப் பார்த்து, மருந்து வேலை செய்யவில்லை என்று கூடுதலாகக் கொட்டுகிறார்கள். அவை பெரும்பாலும் கூட்டுப்புழுப் பருவத்தில்தான் சாகும். அதனால் தண்ணீரில் நெளிகிறதா என்று பார்ப்பதைவிட, அதிலிருந்து கொசு வெளியே வருகிறதா என்று பாருங்கள்.