சில்லறைக் காசில் இருப்பது அச்சுப் பிழையா, வெறும் அடியா? பார்ப்பது எப்படி

கடையில் வாங்கிய மீதியில் ஒரு காசு விநோதமாகத் தெரிந்தால் உடனே விலை தேடாதீர்கள். நாணயச்சாலை இயந்திரம் இதைச் செய்திருக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். உருவம் இன்னும் விழாத வெற்று உலோக வில்லையை ஒரு வளையத்துக்குள் வைத்து, உருவம் செதுக்கிய இரண்டு அச்சுகள் இருபுறமும் ஒரே நேரத்தில் அழுத்துகின்றன. அதுவரை நடந்த கோளாறு பிழை. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சேதம்.

வேண்டியவை: 10 மடங்கு பெரிதாக்கும் லூப் (கண்ணருகே பிடித்துப் பார்க்கும் சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி), தலையைச் சாய்க்கக்கூடிய மேசை விளக்கு. போன் கேமராவைவிட லூப்தான் என் தேர்வு. காசைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கலாம். தராசு அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். காசைத் தேய்த்துக் கழுவ வேண்டாம்.

படி 1. ஆண்டுக்குக் கீழே உள்ள குறியை ஒதுக்குங்கள். சாய்சதுரம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, குறியே இல்லையென்றால் கொல்கத்தா. இதில் பிழை எதுவும் இல்லை.

படி 2. காசில் வேண்டாத கோடு தெரிந்தால், அது மேடா, பள்ளமா? இங்கேதான் நிதானம் வேண்டும். அச்சில் விரிசல் விட்டால், அழுத்தும்போது உலோகம் அந்தப் பிளவுக்குள் ஏறும். காசில் கோடு மேடாக விழும். கீறல் பள்ளம். ஆனால் லூப்பில் பார்க்கும்போது மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் கண்ணுக்கு மாறித் தெரியலாம். விளக்கை இடப்பக்கம் தாழ்த்தி வைத்து, கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள எழுத்தைப் பாருங்கள். எழுத்து மேடு என்பது உறுதி; அதன் இடச்சரிவு பளிச்சென்றும் வலச்சரிவு இருட்டாகவும் தெரியும். கோட்டிலும் அதே வரிசை என்றால் மேடு. வரிசை தலைகீழானால் பள்ளம்.

எல்லாப் பள்ளமும் கீறல் அல்ல. அச்சுக்கும் வில்லைக்கும் நடுவே நூல் சிக்கினாலும் பள்ளம் விழும், ஓரம் வழவழப்பாக இருக்கும். ஆணி இழுத்த கீறலில் பிதுங்கிய உலோகம் இருபுறமும் வரப்பு கட்டி நிற்கும். எழுத்தின் தலையையும் சீவியிருக்கும்.

படி 3. ஓரத்தில் பிறை வடிவ வெட்டு இருந்தால், அதற்கு நேர் எதிர்ப்புற விளிம்பைப் பாருங்கள். வில்லையிலேயே வெட்டு இருந்தால், விளிம்பு உயர்த்தும் இயந்திரத்தில் எதிர்ப்புறத்துக்கு அழுத்தம் சரியாகக் கிடைக்காது. அங்கே விளிம்பு பெரும்பாலும் மங்கியிருக்கும். அரம் போட்டு வெட்டிய காசில் எதிர்ப்புறம் முழுசாக இருக்கும், வெட்டில் அரத்தின் தடமும் தெரியும்.

படி 4. எழுத்து இடவலம் மாறி, பள்ளமாகப் பதிந்திருக்கிறதா? முந்தைய காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், ஒரு பக்கம் முழுக்க மறுபக்கத்தின் கண்ணாடிப் பிம்பம் விழும். இது உண்மையான பிழை, நல்ல காசு, பத்திரப்படுத்துங்கள். அசல் உருவமும் அடியில் தெரிந்து, அதன்மேல் எழுத்து பதிந்திருந்தால், பெரும்பாலும் யாரோ இரண்டு காசுகளைப் பட்டறை இடுக்கியில் வைத்து இறுக்கியிருக்கிறார்கள்.

படி 5. சிங்கத்தூணை நேராகப் பிடித்து, காசை இடமிருந்து வலமாகத் திருப்புங்கள். மறுபக்கமும் நேராக நிற்க வேண்டும். தெளிவாகச் சாய்ந்திருந்தால் அச்சு சுழன்ற பிழை.

பிற்சேர்க்கை: இரண்டு உலோகத்தில் வரும் 10 ரூபாய்க் காசின் நடுப்பகுதி சாய்ந்தோ ஒதுங்கியோ இருந்தால் பிழையா என்று பலர் கேட்டுவிட்டார்கள். காசின் வெளி வளையத்தையும் நடு வில்லையையும் சேர்த்து வைத்து ஒரே அழுத்தில்தான் அடிக்கிறார்கள். ஆகவே ஒரே பக்கத்தில், வளையத்தின் எழுத்து நேராக இருந்து நடுவில் உள்ள சிங்கத்தூண் மட்டும் சாய்ந்திருந்தால், நடுவைக் கழற்றித் திரும்பச் செருகியிருக்கிறார்கள். நடு வில்லை ஒருபுறம் ஒதுங்கியிருந்தாலும் உருவம் இரண்டு உலோகத்தின் மேலும் அறுபடாமல் ஓடினால், அது நாணயச்சாலையிலேயே நடந்தது.