சீடு சொற்களை நனையாமல், தொலையாமல் வைப்பது எப்படி? புதிதாக வருபவர்களுக்கு

எனக்குக் கம்பத்தில் வீடு, மேலே மலையில், கேரளத்து வண்டன்மேட்டுப் பக்கம் கொஞ்சம் ஏலத்தோட்டம். ஒரு ஆடி மாதம், மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்த வாரத்தில், தோட்டத்து வீட்டு பீரோவைத் திறந்து என் பிட்காயின் வாலட்டின் சீடு சொற்களை, அதாவது கருவி போனாலும் பணத்தை மீட்டுத் தரும் ஆங்கிலச் சொற்களை, எழுதி வைத்திருந்த தாளை எடுத்தேன். ஜெல் பேனாவில் எழுதியது. தாள் முழுக்கப் பூஞ்சணம், மை ஊறிப் பரவி, 12 சொற்களில் 3 சொற்கள் என்ன என்றே தெரியவில்லை. வாலட் கருவி கையில் நல்லபடியாக வேலை செய்துகொண்டிருந்ததால் புதிய வாலட் ஒன்று தொடங்கி எல்லாவற்றையும் அதற்கு மாற்றித் தப்பித்தேன். அன்றைக்கு அந்தக் கருவியும் பழுதாகியிருந்தால் இதை எழுதும் மனநிலையில் இருந்திருக்க மாட்டேன்.

ஹேக்கரைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நம் பக்கத்தில் ஈரமும் கரையானும் அவனுக்கு முன்னால் வந்துவிடும்.

எதைக் காப்பாற்றுகிறோம்?

உங்கள் பிட்காயின் போனுக்குள்ளும் இல்லை, கருவிக்குள்ளும் இல்லை. யாரிடம் எவ்வளவு என்ற கணக்கு பிளாக்செயின் என்ற பொதுக் கணக்கேட்டில், உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. அந்தக் கணக்கிலிருந்து எடுத்துச் செலவு செய்யக் கையெழுத்துப் போடும் உரிமைதான் பிரைவேட் கீ. அது 256 பிட் நீளமுள்ள ஒரு பெரிய எண். மனிதர்களால் அதைப் பிழையில்லாமல் எழுதி வைக்க முடியாது என்பதால் 2013-இல் பிப் 39 என்று ஒரு முறை வந்தது. 2048 ஆங்கிலச் சொற்கள் கொண்ட ஒரு பட்டியல், அகர வரிசையில் முதல் சொல் அபாண்டன், கடைசிச் சொல் ஜூ. அதிலிருந்து 12 அல்லது 24 சொற்களை வாலட் தேர்ந்தெடுத்துத் தரும், அந்த வாலட்டின் எல்லாச் சாவிகளும் அந்தச் சொற்களிலிருந்தே பிறக்கும். சொற்கள் யாரிடம் இருக்கிறதோ பணம் அவருடையது. பட்டா தொலைந்தால் தாலுகா ஆபீசில் மனுக் கொடுக்கலாம், இங்கே மனுக் கொடுக்க ஆபீசே கிடையாது.

பிட்காயின் வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவைத்தால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே என்பீர்கள். உண்மைதான், ஆனால் அப்போது சாவி அவர்களிடம். 2024 ஜூலையில் வசிர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சில் சுமார் 23 கோடி டாலர் திருடு போனதும், அதில் பணம் வைத்திருந்தவர்கள் எடுக்க முடியாமல் தவித்ததும் நினைவிருக்கும். ஐந்தாயிரம், பத்தாயிரம் ரூபாய்க்குப் பழகிப் பார்ப்பவர்கள் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள், நான் குறை சொல்ல மாட்டேன். போனால் தூக்கம் கெடும் என்கிற தொகையாக இருந்தால் மேலே படியுங்கள்.

முதல் படி: கருவி

லெட்ஜர், டிரெசர் மாதிரி ஒரு ஹார்டுவேர் வாலட், அதாவது சாவியைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் சின்னக் கருவி, வாங்குங்கள். தயாரிக்கும் நிறுவனத்தின் சொந்தத் தளத்திலோ அவர்கள் அங்கீகரித்த விற்பனையாளரிடமோ மட்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று பழையதை வாங்க வேண்டாம். பெட்டிக்குள் ஏற்கெனவே சொற்கள் எழுதிய அட்டை இருந்தால் அதைத் தொடாதீர்கள், அது மோசடி. உங்களுக்கு முன்னால் அந்தச் சொற்களை வைத்திருக்கும் ஒருவன் நீங்கள் பணம் போடக் காத்திருக்கிறான். சொற்களைக் கருவி உங்கள் கண் முன்னால் தன் சொந்தத் திரையில் காட்ட வேண்டும்.

பின் நம்பர் கேட்கும், வையுங்கள். லெட்ஜரில் 3 முறை தவறாகப் போட்டால் கருவி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும், அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. சொற்கள் கையில் இருந்தால் எந்தக் கருவியிலும் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். கருவி செருப்பு மாதிரி, தேய்ந்தால் வேறு வாங்கலாம்.

இரண்டாவது படி: எழுதுவது

கதவைச் சாத்திக்கொண்டு பென்சிலில் எழுதுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் வரிசை எண் போடுங்கள், வரிசை மாறினால் உங்கள் வாலட் திறக்காது. ஆங்கில எழுத்தில், பெரிய எழுத்தாக எழுதுங்கள். தமிழில் எழுதினால் வேறு யாருக்கும் புரியாது என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நம் ‘ப’ ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துக்கு நிற்கும். பத்து வருடம் கழித்துப் படிக்கும்போது அது எந்தப் ‘பி’? அந்த இரண்டு ‘பி’யையும் வேறுபடுத்தி இந்தப் பத்தியிலேயே என்னால் எழுத முடியவில்லை பாருங்கள்.

அப்புறம் போன். என் அக்கா மகன், “மாமா, ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, முடிஞ்சுது” என்றான். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். எடுத்த நிமிடமே அது கூகுள் போட்டோஸுக்கு ஏறிவிடும், அந்த ஜிமெயில் பாஸ்வேர்டு வீட்டில் நாலு பேருக்குத் தெரியும். அதைவிட மோசம், 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி நிறுவனம் ஸ்பார்க்கேட் என்ற ஒரு தீநிரலைப் பற்றி அறிவித்தது. கூகுள் பிளேயிலும் ஆப்பிள் ஆப் ஸ்டோரிலும் இருந்த சில செயலிகளுக்குள் அது ஒளிந்திருந்து, கேலரியில் உள்ள படங்களில் இருக்கும் எழுத்தைப் படித்து, சீடு சொற்கள் மாதிரித் தெரிந்தால் அனுப்பிவிடும். ஆகவே போட்டோ, ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்வது, கூகுள் டிரைவ், ஜெராக்ஸ் கடை எதுவும் வேண்டாம். அந்தச் சொற்கள் கேமராவையும் கீபோர்டையும் ஒரு முறைகூடப் பார்க்கக் கூடாது.

மூன்றாவது படி: எவர்சில்வர்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. கல்யாணச் சீர் வாங்கும்போது பாத்திரக்கடையில் குடத்திலும் அண்டாவிலும் பேர் வெட்டித் தருவார்களே, அதேதான். என் அம்மாவின் கல்யாணத் தாம்பாளத்தில் தாத்தா பேர் இன்றைக்கும் பளிச்சென்று தெரிகிறது. எத்தனை மழை, எத்தனை புளி, எத்தனை சாம்பல் அதன் மேல் போயிருக்கும்! பூஞ்சணம் பிடித்த தாளைப் பார்த்த அன்று இரவு அந்தத் தாம்பாளத்தில் சாப்பிட்டபோதுதான் எனக்கு இது உறைத்தது. எவர்சில்வர் உருகச் சுமார் 1400 டிகிரி சூடு வேண்டும், வீடு தீப்பிடித்தாலும் எழுத்து தப்பிக்கும். அலுமினியத் தகடு வேண்டாம், அது 660 டிகிரியிலேயே உருகிவிடும்.

ஆனால் கடைக்காரரிடம் கொடுத்து வெட்டச் சொல்லாதீர்கள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. உள்ளங்கை அளவில் இரண்டு எவர்சில்வர் தகடும், பேர் வெட்டும் சின்ன கரண்ட் மிஷினோ, சுத்தியலால் அடித்தால் பதிகிற எஃகு எழுத்து அச்சுகளோ வாங்கி வந்து வீட்டில் நீங்களே செய்யுங்கள். அச்சு என்றால் சத்தம் தெருவுக்கே கேட்கும், பகலில் செய்யுங்கள். முதலில் வேறொரு தகட்டுத் துண்டில் உங்கள் பேரை அடித்துப் பழகுங்கள், என் முதல் வரி குடிகாரன் நடந்த மாதிரி இருந்தது. முழுச் சொல்லையும் வெட்ட வேண்டியதில்லை. பட்டியலில் எந்த இரண்டு சொற்களுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக வராது, ஆகவே எண்ணும் நான்கு எழுத்தும் போதும். மூன்றெழுத்துச் சொல் வந்தால் மூன்றோடு நிறுத்துங்கள்.

நான்காவது படி: அழித்துப் பார்ப்பது

இதை யாரும் செய்வதில்லை, பயம். கருவிக்கு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் மதிப்புக்கு மட்டும் அனுப்புங்கள். வந்து சேர்ந்ததும், பெறும் முகவரியை (பணம் வந்து சேர கருவி காட்டிய எழுத்தும் எண்ணும் கலந்த வரி) குறித்துக்கொண்டு, கருவியை முழுதாக அழித்துவிடுங்கள். இப்போது தகட்டை மட்டும் பார்த்து, கருவியிலேயே சொற்களைப் போட்டு மீட்டெடுங்கள். அதே முகவரியும் அதே தொகையும் வந்தால் தகடு சரி. இரண்டாவது தகட்டுக்கும் இதேபோல் ஒரு முறை. என் இரண்டாவது தகட்டில் 9-ஆம் சொல்லில் ஒரு எழுத்து தப்பு, ‘எம்’ அடிக்க வேண்டிய இடத்தில் ‘என்’ அடித்திருந்தேன். சோதிக்காமல் விட்டிருந்தால்? இரண்டும் சரியான பிறகு மீதிப் பணத்தை மாற்றுங்கள், பென்சிலில் எழுதிய தாளை அடுப்பில் போடுங்கள். நான் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில், எரிந்துகொண்டிருந்த அடுப்பிலேயே போட்டேன்.

ஐந்தாவது படி: இரண்டு இடம்

ஒரு தகடு கீழே, ஒரு தகடு மேலே. எனக்கு மலை குறுக்கே இருப்பது வசதி. கம்பத்தில் திருட்டுப் போனாலும் தோட்டத்தில் இருக்கும், வண்டன்மேட்டில் மண் சரிந்தாலும் கம்பத்தில் இருக்கும், ஒரே நாளில் இரண்டும் நடக்க வாய்ப்புக் குறைவு. உங்களுக்குத் தோட்டம் இல்லையென்றால் அக்கா வீடு, பேங்க் லாக்கர் என்று பாருங்கள். ஒட்டி மூடிய கவரில் போட்டு, மூடிய இடத்தில் உங்கள் கையெழுத்துப் போட்டு வையுங்கள், யாராவது பிரித்தால் தெரிந்துவிடும். பிரித்திருந்தால் யோசிக்காமல் புதிய வாலட்டுக்கு மாற வேண்டும்.

சொற்களை இரண்டாக வெட்டி இங்கே பாதி, அங்கே பாதி என்று வைக்க வேண்டாம். ஒரு பாதி தொலைந்தாலே மொத்தமும் போய்விடும், ஒரு பாதி கிடைத்தவனுக்கு வேலை எளிதாகும், இரண்டு பக்கமும் நஷ்டம். சீடு சொற்களோடு நாமே கூடுதலாகச் சேர்க்கும் ரகசியச் சொல்லான பாஸ்பிரேஸும் (25-ஆவது சொல் என்பார்கள்) இப்போது வேண்டாம். அதைத் தப்பாகப் போட்டால் தப்பு என்று கருவி சொல்லாது, அமைதியாக வேறொரு காலி வாலட்டைத் திறந்து காட்டும், நெஞ்சு நின்றுவிடும். அதிபுத்திசாலித்தனத்தால் தொலைத்தவர்கள் கொஞ்சமல்ல. ஸ்டீபன் தாமஸ் என்ற புரோகிராமர் 7002 பிட்காயினின் சாவியை, 10 முறை தவறினால் பூட்டிக்கொள்ளும் ஒரு பென்டிரைவில் வைத்துவிட்டு அதன் பாஸ்வேர்டை மறந்துவிட்டார். 2021-இல் அவர் கதை வெளியே வந்தபோது 8 முயற்சி முடிந்திருந்தது.

இன்னொன்று, சொற்களைக் கேட்டு யார் போன் செய்தாலும், கம்பெனி சப்போர்ட் என்று தமிழில் பேசினாலும் மலையாளத்தில் பேசினாலும், கட் செய்யுங்கள். எந்த நிறுவனமும் அதைக் கேட்காது. 2020-இல் லெட்ஜரின் வாடிக்கையாளர் முகவரிகள் கசிந்த பிறகு வீட்டுக்கே போலிக் கடிதங்கள் போயிருக்கின்றன.

ஆறாவது படி: வீட்டில் ஒருவருக்கு

நாளைக்கு எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தத் தகடு வெறும் எவர்சில்வர். எனவே வீட்டில் நீங்கள் நம்பும் ஒருவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் சொற்கள் வேண்டாம். என்ன இருக்கிறது, தகடு எங்கே, கருவி எங்கே, எந்தக் கடையிலும் யாரிடமும் தகட்டைக் காட்டக் கூடாது, படிப்படியாக என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும். எழுதியதை அவரிடமே கொடுத்து, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல், அந்தச் சின்னத் தொகையை வைத்து ஒரு முறை மீட்டெடுக்கச் சொல்லுங்கள்.

என் மனைவி இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டாள். “ஹார்டுவேர் வாலட்டுனு எழுதியிருக்கீங்க, ஹார்டுவேர் கடையில வாங்குனதா?” என்று கேட்டாள். அந்த வரியை அடித்துவிட்டு, “கறுப்பாக, பென்டிரைவ் மாதிரி, என் மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது” என்று எழுதினேன்.